முதுகுச்சாமியின் விருந்தாளி

வாசற்படியில் ஈரக் காலடிகள் இருந்தன. செம்மண் சேறு அப்பிய தடங்கள். விரல்களெல்லாம் தெருப்பக்கம் பார்த்திருந்தன. பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பிள்ளை மத்தியானம் வந்து பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறாள் என்று அடைக்கலமேரி நினைத்துக்கொண்டாள். இன்னொரு சாவி அவளிடம்தான் இருந்தது. காய்ந்த வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறவள் காலில் சேறு எப்படி வந்தது என்ற கேள்வி, பூட்டைத் திறக்கும்போது கொசுவைப் போல ஒருமுறை காதருகே வந்து போனது. குடையை மடக்கி உதறிவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

மகள் ஜெபமாலை பாயில் உட்கார்ந்திருந்தாள். ஆடியில் வந்த விஷக்காய்ச்சல் அவள் உயிரை விட்டுவிட்டுக் கால்களை எடுத்துக்கொண்டது. குளத்தூர் டாக்டர், "நடப்பா, நாளாகும்" என்று சொல்லியிருந்தார். அப்பா மைக்கேல்சாமி பினாங்கில். அம்மாவுக்குப் பள்ளிக்கூட வேலை. பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போன முதல் நாள், அவள் அலறல் தெருமுனை வரைக்கும் வந்தது. அன்று சாயங்காலம் பிள்ளைக்குக் கதை சொல்ல அடைக்கலமேரி ஓமாலியைக் கண்டுபிடித்தாள்.

ஓமாலி, காய்ந்த கண்மாய்க்கு அடியில் இருக்கும் நாடு. அதன் சாமி முதுகுச்சாமி. உலகத்தைப் படைத்த கையோடு அந்தப்பக்கம் திரும்பி உட்கார்ந்தவர், இன்னும் இந்தப்பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லாம் முடிந்துவிடும். அந்த மரியாதைக்காக ஓமாலி சனங்களும் யாருக்கும் முகம் காட்டுவதில்லை. விளக்கை முதுகுக்குப் பின்னால் ஏற்றுவார்கள். சுவரில் நெற்றியை முட்டி முட்டி ஜெபிப்பார்கள். விருந்துக்குப் போனால் சுவரைப் பார்த்து உட்காருவார்கள். சோறு போட்டால் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். போடாவிட்டால், வீட்டுக்காரர் எங்கே போனாலும் பின்னாலேயே வருவார்கள். தனியாக இருக்கும் பிள்ளைகளுக்குத் துணையிருப்பது அவர்களுக்குப் பெரிய புண்ணியம்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டுமோ என்று ஒருதரம் யோசித்தாள். பிள்ளைக்குச் சொல்லும் கதைதானே என்று விட்டுவிட்டாள். ஜெபமாலையின் அழுகை அதற்குப் பிறகு நின்றுபோயிருந்தது.

இன்று வீட்டில் நனைந்த சாம்பல் வாடை அடித்தது. மழைக்குக் கூரை அடுப்பில் ஒழுகியிருக்கும் என்று பார்த்தாள். அடுப்பு காய்ந்து கிடந்தது. உள்ளறைச் சுவரில், சுண்ணாம்பின் மேல், எண்ணெய்க் கறை ஒன்று வட்டமாகத் தெரிந்தது. பிள்ளைக்கு எட்டாத உயரம். துடைக்கலாமென்று கிட்டப் போனவளின் நெற்றிக்கு நேராக இருந்தது அது. சரியாக நெற்றிக்கு நேராக.

கொல்லையில் சின்னப்பிள்ளையின் குரல் கேட்டது. அடைக்கலமேரி வேலியோரம் போனாள்.

"என்ன டீச்சரம்மா, இன்னைக்கு மத்தியானமே வந்துட்டீக போல?"

"இப்பத்தானே வாரேன். ஏன்?"

"அட, வெளையாடாதீங்க. கஞ்சியத் தூக்கிக்கிட்டு வந்தேன், உள்ள ஒங்க கொரலு. சரி, ஆத்தாளும் மகளும் கொஞ்சிக்கிட்டு இருக்காகன்னு வாசல்லயே அங்கிட்டுத் திரும்பிட்டேன்."

"அப்ப நீங்க உள்ள வரலையா?"

"படியே ஏறலைங்கிறேன். ஒங்க மவதான் ஒங்கள மாதிரியே பேசிப் பழகிட்டா போலருக்கு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அவளயே அனுப்பிட்டு நீங்க காலை நீட்டிப் படுங்க!" சிரித்துக்கொண்டே அவள் மழைக்குள் ஓடினாள்.

அடைக்கலமேரி நின்ற இடத்திலேயே நின்றாள். வேலிப்படலில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. படி ஏறாதவளின் காலடி எப்படிப் படியில் விழும்? சேறு தெருவிலிருந்துதான் வரும். வந்த கால், வந்த திசையையே பார்த்திருந்தது.

முகம் காட்டாதவர்கள். வீட்டுக்குள் எப்படி வருவார்கள்?

பின்பக்கமாக.

யாரும் வெளியே போகவில்லை. உள்ளே வந்திருக்கிறார்கள். அவள் தாழும் போட்டுவிட்டாள்.

ஓடினாள். ஜெபமாலை பாயிலேயே இருந்தாள், உள்ளறையைப் பார்த்துப் புன்னகைத்தபடி. வெளிச்சம் இறங்கிவிட்டது. கோவிலில் திரிகால மணி அடித்தது. மணி ஓய்ந்த பிறகும் ஒரு சத்தம் ஓயவில்லை. டொக். டொக். மண்சுவரில் எலும்பு முட்டும் சத்தம்.

உள்ளறையில், நெல்குதிரின் மறைவில், சுவரோடு சுவராக, ஒரு முதுகு. ஈரச் சேலை. அவிழ்ந்த கூந்தல். நெற்றி மட்டும் முன்னும் பின்னும் போய்வந்தது.

"அம்மா," ஜெபமாலை குசுகுசுத்தாள், "காலையிலேருந்து அது ஒண்ணுமே சாப்பிடல."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாழை நீக்கி ஓடிவிடலாம். ஓடினால் பின்னாலேயே வரும். அந்த விதியைப் போட்டதே அவள்தான். பசியாறினால் போய்விடும், அதையும் அவள்தான் போட்டாள். கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பானையிலிருந்து பழையதை வட்டிலில் போட்டாள். பருக்கைகள் சிதறின. வட்டிலைத் தரையில் வைத்து, விரலால் தள்ளினாள். இன்னும் கொஞ்சம். இன்னும்.

டொக் நின்றது.

ஒரு கை பின்பக்கமாக வளைந்து வந்து வட்டிலை இழுத்துக்கொண்டது. மெல்லும் சத்தம். நிதானமாக, பசி தீர, நெடுநேரம்.

"சாப்பிட்டுட்டுப் போயிரும்," என்றாள் அடைக்கலமேரி. பிள்ளைக்கா, தனக்கா, தெரியவில்லை. "விருந்து முடிஞ்சா போயிரும் கண்ணு. அதுதானே ஓமாலி வழக்கம்."

ஜெபமாலை தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதை நான் மாத்திட்டேம்மா."

"என்னது?"

"நீ இல்லாதப்ப நானே மிச்சக் கதையச் சொல்லிக்கிட்டிருந்தேன். சோறு போட்டவுங்க மொகம் அதுக்கு வந்துரும். அப்புறம் அது போவவே போவாது. பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போவாது. எந்நேரமும் என்கூடவே இருக்கும்." குரல் இறங்கியது. "நீதான் கதவப் பூட்டிட்டுப் போயிர்றியே."

மெல்லும் சத்தம் நின்றது.

முதுகு அசைந்தது. தோள் திரும்பியது. கூந்தலுக்குள்ளிருந்து ஒரு காது, அதில் அடைக்கலமேரியுடைய தேய்ந்த தோடு. பிறகு கன்னம். பிறகு சிரிப்பு.

அவளுடைய சிரிப்பு.

அடைக்கலமேரி கத்தினாள். சத்தம் வரவில்லை. கையை உயர்த்தி வாயைத் தேடினாள். விரல்கள் வழுவழுவென்று, எங்கும் தடுக்காமல், நெற்றியிலிருந்து கழுத்து வரை இறங்கின.

"வாடி என் தங்கம்," என்றது அது, அவள் குரலில், கைகளை நீட்டி.

ஜெபமாலை சுவரைப் பிடித்தாள். எழுந்தாள். ஆடி மாதத்திலிருந்து எந்தக் காட்சிக்காக அடைக்கலமேரி ஒவ்வொரு ராத்திரியும் மாதாவிடம் கையேந்தினாளோ, அது கண்ணெதிரே நடந்தது. பிள்ளை ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு எட்டு. அந்த மடியில் போய் விழுந்தாள்.

அடைக்கலமேரியின் கால்கள் தாமாகவே அசைந்தன. பின்பக்கமாக. தாழ்ப்பாள் முதுகுக்குப் பின்னால் விலகியது. மழை முதுகில் பட்டது. திறந்த கதவுக்குள் விளக்கும், பிள்ளைக்குத் தலை சீவிவிடும் ஒரு தாயும் சிறுத்துக்கொண்டே போனார்கள்.

மழை விட்டபோது கண்மாய்க்கரையிலிருந்து வாசற்படி வரைக்கும் சேற்றில் ஒரே ஜோடிக் காலடிகள் பதிந்திருந்தன. விரல்களெல்லாம் வீட்டைப் பார்த்திருந்தன. டீச்சரம்மா மறுபடி எங்கேயோ போய், நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்திருக்கிறாள் என்று சின்னப்பிள்ளை நினைத்துக்கொண்டாள்.