விளக்கு ஏற்றுபவனின் மூன்று வரிகள்

மீன்காரி அழுதாள் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

விளையாட்டு வெளியாகி அன்று மூன்றாம் நாள். ஆட்டக்காரர்கள் எழுதி அனுப்பும் அனுபவங்களைப் படித்து, பாராட்டுக்குப் பச்சை, குறைக்குச் சிவப்பு என்று நிறம் போட்டுப் பிரிப்பது அந்த விளையாட்டு நிறுவனத்தில் அவள் வேலை. அதற்கு முன்பு அதே விளையாட்டுக்கு வசனம் எழுதியவளும் அவள்தான். ஆயிரக்கணக்கானோர் இணையம் வழியாக ஒரே நேரத்தில் நுழைந்து, ஆளுக்கொரு வேடம் போட்டு, சண்டை போட்டுச் சாமான் சேர்க்கும் விளையாட்டு அது. அதில் ஆற்றங்கரை ஊர் என்று ஒன்று. அங்கே நாற்பத்திரண்டு ஊர்க்காரர்கள், எல்லாம் கணினி ஆட்டிவைக்கும் பொம்மைகள். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வார்கள், ஆளுக்கு மூன்று வரி. நாலே நாளில் எழுதிக் கொடு என்று உயிரை எடுத்தால் அவ்வளவுதான் வரும். மீன்காரிக்கு அவள் எழுதியவை "மீன் வேணுமா?", "இன்னைக்குப் புடிச்சது", "நாளைக்கு வாங்க." இதில் அழுகைக்கு எங்கே இடம்?

"மீன்காரி அற்புதம்!" என்று அந்த ஆட்டக்காரர் எழுதியிருந்தார். "மூணாவது தடவை பேசினப்போ கேவிக் கேவி அழுறாங்க. வீட்டுல அடுப்பை அணைச்சாங்களான்னு ஞாபகம் இல்லையாம், யாராவது போய்ப் பாக்க முடியுமான்னு கேக்குறாங்க. எழுதினவங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு."

யாரோ வேறு எந்த விளையாட்டையோ நினைத்து எழுதிவிட்டார்கள் என்று அவள் சிரித்துக்கொண்டே அடுத்ததைத் திறந்தாள். அடுத்தவர் படகோட்டியைப் புகழ்ந்திருந்தார். படகோட்டி ஒரு போன் நம்பர் சொன்னானாம். "சும்மா அந்த நம்பருக்கு அடிச்சுப் பாத்தேன், நிஜமாவே ரிங் போகுது! எப்படியெல்லாம் யோசிக்கிறாங்கப்பா!" அதற்கு அடுத்தது கொல்லனைப் பற்றி, அதற்கும் அடுத்தது சத்திரக்காரியைப் பற்றி. மத்தியானத்துக்குள் அவள் பக்கம் முழுக்கப் பச்சையாகிவிட்டது.

மேலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். போன மாதம் வரை, மூன்று வரி எழுத ஒரு ஆள் எதற்கு என்று காதுபடவே கேட்டுக்கொண்டிருந்தவர்.

"எப்பம்மா எழுதினீங்க இதெல்லாம்? ஒரு வார்த்தை சொல்லலியே!"

நான் எழுதவில்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி இருந்தது. ஆட்குறைப்புப் பட்டியலில் தன் பெயர் இருப்பது ஞாபகம் வந்தது.

"கடைசி நேரத்துல சேர்த்தேன் சார்," என்றாள், வாய் கூசாமல்.

யாராவது ப்ரோகிராமர் விளையாட்டுத்தனமாகச் சேர்த்திருப்பான், பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் அவளும் தம்பியும் மட்டும்தான். அக்கா எழுதிய விளையாட்டு என்று அவன் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு முதல் நாளிலிருந்து அதிலேயே கிடந்தான். கதவைத் திறந்ததும் வழக்கமாக வரும் கத்தலும் மேசையைத் தட்டும் சத்தமும் வரவில்லை. மின்விசிறி மட்டும் மெல்ல முனகிக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் ஹாலின் பாதி வரை வந்து நின்றிருந்தது, தம்பி திரையைப் பார்க்காமல் வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"வாங்க, இன்னைக்கு காத்து பலமா இருக்கு," என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். ஆற்றங்கரை ஊரின் விளக்கு ஏற்றுபவனுக்கு அவள் எழுதிய முதல் வரி அது. அவளுடைய வசனத்தைச் சொல்லி அவளையே கலாய்ப்பது அவனுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி.

"போதும்டா, எழுந்து குளி. மூணு நாளா ஒரே சட்டை."

"ஆத்துப் பக்கம் தனியா போகாதீங்க."

"சரிங்க ஐயா. சாப்பிட என்ன வேணும்?"

"விளக்கு ஏத்துற நேரம் ஆச்சு," என்று சொல்லிவிட்டு, வலது கையைத் தோள்வரை தூக்கி இறக்கினான்.

அவள் சமைத்தாள், தட்டில் போட்டுக் கொடுத்தாள், அன்று வந்த பாராட்டையெல்லாம் கதை கதையாகச் சொன்னாள். அவன் கேட்டான். ஒவ்வொரு முறை அவள் பேச்சை நிறுத்தியதும் அந்த மூன்றில் ஒன்றைச் சொன்னான், அதே வரிசையில், அதே ஏற்ற இறக்கத்தில். சோறு தட்டிலேயே காய்ந்தது. ஏழாவது தடவை அவளுக்கு எரிச்சல் வந்தது, பத்தாவது தடவை எரிச்சல் போய் வேறு ஏதோ வந்தது. தட்டை எடுக்கக் குனிந்தபோது அவன் சட்டை மூக்கருகே வந்தது. மூன்று நாள் வியர்வை நாற வேண்டும். ஒன்றுமே நாறவில்லை. ஆள் வாசனையே இல்லை.

மறுநாள் காலையும் அவன் அதே நாற்காலியில் அதே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்தாள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று செருப்பை மாட்டினாள். பின்னால் அவன் காத்து பலமா இருக்கு என்றான். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

அலுவலகத்தில் அன்று பக்கம் சிவந்து கிடந்தது. ஊர்க்காரர்கள் வழியை மறிக்கிறார்கள், காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள், வீட்டு விலாசம் சொல்கிறார்கள், முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது, இப்போது தலைவலி. பதினோரு மணிக்கு மேலாளர் ஒரே வார்த்தையில் முடித்தார்.

"அழுகை ஜாஸ்தியாயிடுச்சும்மா. பழைய மூணு வரியையே திரும்பப் போட்டுடலாம். உங்க எழுத்து, நீங்களே ஒப்புதல் கொடுங்க. நாலு மணிக்கு எல்லா ஊர்க்காரங்களுக்கும் மாறிடும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் நாலு வசனம் எழுதிக் காட்டு என்று யாரும் கேட்கமாட்டார்கள். பொய் பொய்யாகவே புதைந்துவிடும். ஒப்புதல் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

பக்கத்து மேசை ப்ரோகிராமர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "வேடிக்கையா இருக்கு. ஃபைல்ல பழைய நூத்தி இருபத்தாறு வரிதான் இருக்கு. புதுசா ஒண்ணுமே இல்ல. அப்ப இவங்க எல்லாம் எதைக் கேக்குறாங்க?"

அவள் மறுபடி குறிப்புகள் பக்கமே திரும்பினாள். மத்தியானம் இரண்டு மணிக்கு விளக்கு ஏற்றுபவனைப் பற்றிய குறிப்பு கண்ணில் பட்டது.

"இருக்கறதுலயே எனக்குப் பிடிச்சது விளக்கு ஏத்துறவன். சின்ன வயசுல தூங்கிட்டிருந்த அக்காவோட பின்னலைக் கத்தரிச்சுட்டு, எலி கடிச்சுட்டுதுன்னு அம்மாகிட்ட சொன்னானாம். அக்காவும் காட்டிக்கொடுக்காம ஆமா எலிதான்னு சொன்னாளாம். அந்த அக்கா இந்த விளையாட்டு ஆபீஸ்லதான் வேலை பாக்குறாளாம், யாராவது அவகிட்ட சொல்லுங்கன்னு போற வர்றவங்க எல்லார்கிட்டயும் கெஞ்சுறான். சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு. அஞ்சுக்கு அஞ்சு!"

ஏசியின் இரைச்சல் திடீரென்று காதை அடைத்தது. அந்த எலி யாரென்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அவளுக்கும் தம்பிக்கும்.

வீட்டுக்குப் போன் போட்டாள். இரண்டாவது மணியில் எடுத்தது.

"டேய், நீதானா? ஏதாவது பேசுடா."

"வாங்க, இன்னைக்கு காத்து பலமா இருக்கு."

அவள் மேலாளர் அறைக்கு ஓடினாள். "சார், நாலு மணிக்குப் போடாதீங்க. அதெல்லாம் நான் எழுதல. நான் பொய் சொன்னேன் சார்."

அவர் அன்பாகச் சிரித்தார். "பயந்துட்டீங்களா? ஒரு வசனம் எடுபடலன்னா வேலை போயிடாதும்மா."

"சார், அதுக்குள்ள ஆள் இருக்காங்க சார்."

சிரிப்பு நின்றது. அவர் அவள் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். "ரொம்ப நாளா லீவே எடுக்கல நீங்க. வீட்டுக்குப் போய்ப் படுங்க. அது வரிசையில போயாச்சு, இனிமே நிறுத்த முடியாது. உங்க ஒப்புதல்லதான் போகுது."

அலுவலகக் கணினிகளில் விளையாடத் தடை. வீட்டில்தான் அவளுடைய லேப்டாப் இருந்தது. ஆட்டோவில் வழியெல்லாம் போன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு சிக்னலும் சிவப்பாகவே விழுந்தது. மூன்று முப்பத்தாறுக்கு மாடி ஏறினாள்.

அது வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தது. தம்பி என்று மனதுக்குள்கூடச் சொல்ல வரவில்லை. வெயில் அதன் முகத்தில் நேராக அடித்தது. அது கண்ணைச் சிமிட்டவில்லை. அதைத் தாண்டித்தான் மேசைக்குப் போக வேண்டும். சுவரோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாள். அதன் தலை மட்டும் அவளோடு திரும்பியது.

லேப்டாப் திறக்க ஒரு யுகம் ஆனது. ஆற்றங்கரை ஊரில் நுழைந்தாள். தெருவெங்கும் கூட்டம், வாளும் கவசமுமாக. மீன்காரி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள், அவளைச் சுற்றி நான்கு பேர் நடனமாடினார்கள். விளக்குக் கம்பத்தடியில் அவன் நின்றான். மரக்கட்டை முகம். வாய்க்கு இரண்டே வடிவம்தான் வரைந்திருந்தார்கள், திறந்தது ஒன்று, மூடியது ஒன்று.

அவள் தட்டினாள். "பின்னலை யார் வெட்டினது?"

எழுத்து உடனே வந்தது. "எலி."

அடுத்தது. "அக்கா? அக்காவா?"

திரை கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான்டா. எப்படி உள்ள போன?"

"தெரியலக்கா. உக்காந்த இடத்துலயே கண்ணு சொக்குச்சு. முழிச்சப்போ கையில விளக்குக் கம்பு இருக்கு. போற வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன். எல்லாரும் கை தட்டிட்டுப் போறாங்க."

மூன்று ஐம்பத்து மூன்று.

"அக்கா, என் உடம்பு எங்க? வீட்டுல யாராவது இருக்காங்களா?"

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. நேற்றிலிருந்து எழுந்திராதது எழுந்து நின்றது. அவள் திரும்பவில்லை.

"யாரும் இல்லடா," என்று தட்டினாள். "நீ பயப்படாத. நான் இருக்கேன்."

"இங்க எல்லாரும் அழுறாங்கக்கா. யாருமே பொம்மை இல்ல. நீ ஆபீஸ்ல சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

அவள் கை விசைப்பலகை மேல் நின்றது. சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான்தான்டா பொத்தானை அழுத்தினேன். அதை அவளால் எழுத முடியவில்லை.

ஒரு காலடி. இன்னொன்று.

மூன்று ஐம்பத்து ஒன்பது.

"அக்கா, இருக்கியா? ஏதாவது சொல்லு. அக்கா, எனக்கு ரொம்ப"

நின்றது.

திரை ஒரு முறை இருண்டு விடிந்தது. தெரு அமைதியாக இருந்தது. மீன்காரி எழுந்து கூடையருகே நின்றாள். விளக்கு ஏற்றுபவன் வலது கையைத் தோள்வரை தூக்கி இறக்கினான்.

"வாங்க, இன்னைக்கு காத்து பலமா இருக்கு."

அவள் திரையில் அவனை மறுபடி தட்டினாள். ஆத்துப் பக்கம். மறுபடி. விளக்கு ஏத்துற நேரம். மறுபடி. மறுபடி. விரல் வலித்தது.

"என்னக்கா இது, இந்த அழு அழுற?"

காதருகே. தம்பியின் குரல். அவனுடைய அதே இழுவை.

அவள் திரும்பினாள். அவன் நின்றான். கலைந்த தலை, கசங்கிய சட்டை, உதட்டோரம் அந்தக் குறும்பு. "குழம்புல உப்புப் போட மறந்துடுவ, அதுக்காகக் கண்ணீர்லயே சேத்துக்கலாம்னு பாக்குறியா? பசிக்குதுக்கா. ரெண்டு நாளா என்னைப் பட்டினி போட்டுட்ட."

தோளில் கை வைத்தான். கை சூடாக இருந்தது. சட்டையில் வியர்வை நாறியது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி துடித்தது. வந்துவிட்டான், இவன்தான், வந்தேவிட்டான் என்று அவள் நம்பினாள். முழுசாக ஒரு மூச்சு விடும் நேரம் நம்பினாள்.

பிறகு திரையைப் பார்த்தாள்.

விளக்கு ஏற்றுபவன் மூன்று வரியையும் சொல்லி முடித்திருந்தான். அவனுக்கு எழுதியது அவ்வளவுதான், எழுத்து எதுவும் வரவில்லை, சத்தமும் இல்லை. ஆனால் அவன் வாய் நிற்கவில்லை. அவள் பக்கமாகத் திரும்பிய முகத்தில், அக்கா என்று கூப்பிடுவதுபோல இரண்டு முறை திறந்து மூடியது. நின்றது. மறுபடி இரண்டு முறை.