சிறுவாச்சூருக்கு நேர்ந்த முடி

"யாரு ஜோதி இந்நேரத்துல?"

உள்ளேயிருந்து முத்தமிழ்செல்வன் கேட்டான். ஜோதி கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். வாசலில் ஒரு துணிப்பையோடு நின்றவள் பாக்யலட்சுமி, அவளுடைய ஓரகத்தி. ஒன்றரை வருஷமாக இந்த வீட்டில் யாரும் பெயர்கூட எடுக்காத மூத்த மருமகள்.

"அக்கா...!"

"உள்ள வரலாமா ஜோதி?"

அவள் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. பத்து வயசிலிருந்து சோறு ஊட்டி வளர்த்த கொழுந்தன் வீட்டில் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறதே! ஜோதி கண் கலங்கிப் பையை வாங்குவதற்குள், கையில் காபி தம்ளரோடு முத்தமிழ் வந்துவிட்டான். அண்ணியைப் பார்த்தான். தம்ளரை அப்படியே டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். படாரென்று அடித்துச் சாத்தியிருந்தாலாவது கோபம் என்று எடுத்துக்கொள்ளலாம். மெதுவாகத்தான் சாத்தினான். அதுதான் பாக்யலட்சுமிக்குத் தாங்கவில்லை.

பெரம்பலூரில் பஸ் ஏறி, விடிகிற வேளையில் கூடுவாஞ்சேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். இந்த வேதவல்லி நகரில் வீட்டைத் தேடி இதே தெருவில் மூன்று தடவை நடந்துவிட்டாள். எல்லாம் புது வீடுகள், பெரிய கேட்டுகள். ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டுமே! அவள் ஊரான எறையூரில் புது முகம் ஒன்று தெருவில் கால் வைத்தால் 'யார் வூட்டுக்கு வந்தீங்க' என்று கேட்காமல் விடமாட்டார்கள். ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் நாலு பேர் விலக்கிவிட ஓடி வருவார்கள். அதில் இரண்டு பேர் மூட்டிவிட வருகிறவர்கள்தான் என்றாலும், வருவார்கள். இங்கே கோபம் வந்தால் அவரவர் கோபத்தை அவரவரே வைத்துக் காப்பாற்ற வேண்டியதுதான்.

முத்தமிழின் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அம்மா இருசம்மாள் விடியுமுன்னே கரும்பு வெட்டக் கிளம்பிவிடுவாள். தகப்பன் இல்லாத பையனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியது, காய்ச்சல் கண்டால் பக்கத்தில் கிடந்து முழித்தது எல்லாம் அண்ணிதான். காலேஜுக்கு பஸ் ஏறும்போது அம்மாவிடம் ஒரு தடவை, அண்ணியிடம் இரண்டு தடவை 'போயிட்டு வரேன்' சொல்லிவிட்டுப் போகிற பையன். அந்தப் பையன்தான் போன வருஷம் சித்திரையில், "நீங்கெல்லாம் மனுசியா அண்ணி?" என்று கேட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனான்.

கொள்ளி வைக்கத் தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைமகன் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரிந்த முறை. இருசம்மாள் ஒரு விடியற்காலையில் கண்ணை மூடியதும், "தம்பிக்கு போனைப் போடு" என்றார் பாக்யலட்சுமியின் கணவர் இராமலிங்கம். அவள் கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து, "தம்பி ஆபீஸ் வேலையா ஐதராபாத்ல இருக்குதாம். வர முடியாதாம். உங்களையே எல்லாம் பாத்துக்கச் சொல்லிடுச்சு" என்றாள். அண்ணியே பேசிவிட்டாள் என்றால் அப்புறம் வேறு யார் பேசப் போகிறார்கள்? மூத்தவர் சட்டி எடுத்தார், கொள்ளி வைத்தார்.

எல்லாம் எரிந்து அடங்கிய பிறகுதான் முத்தமிழுக்கு போன் போனது. கூடுவாஞ்சேரியிலிருந்து அலறி அடித்துக்கொண்டு சாயங்காலம் வந்து இறங்கியவனை ஊர் சும்மா விடவில்லை. "பெத்தவள விட ஆபீஸ் பெருசாப் போச்சாடா?" என்றார்கள். "என்ன ஐதராபாத்து? நான் வூட்லதானே இருந்தேன்!" என்று அவன் கதறிய பிறகுதான் பொய் வெளியே வந்தது. இராமலிங்கம் ஊர் முன்னால் பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தார். ஏன் செய்தாய், ஏன் செய்தாய் என்று உலுக்கினார். அவள் வாயே திறக்கவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பரம்பரை வீட்டை அமுக்கப் பார்க்கிறாள் என்றார்கள். கொழுந்தன் நாலு காசோடு இருப்பது பொறுக்கவில்லை என்றார்கள். அன்றிலிருந்து இராமலிங்கம் அவளோடு பேசுவதெல்லாம் 'சோறு', 'தண்ணி', அவ்வளவுதான்.

காரணம் செத்தவளுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும். சாவதற்கு முந்தின நாள் கட்டிலில் கிடந்தபடி இருசம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாக்கியம்... ஜோதி மாசமா இருக்காடி. மூணு தடவ தங்காமப் போனதுல பயந்து போயி, புருசங்கிட்டகூடச் சொல்லல. என்கிட்ட மட்டும் போன்ல சொல்லி அழுதா."

"நல்ல சேதிதானே அத்த!"

"நல்ல சேதிதான்... நான் போற நேரத்துல வந்துருக்கே! மாசமா இருக்கறவ புருசன் கொள்ளி எடுக்கலாமா? சேதி போனா அவன் ஓடியாந்துடுவான். கடைசி மவன்னு சட்டிய அவன் கையில குடுத்துடுவாங்க. அவ என்னன்னு சொல்லித் தடுப்பா? நான் வெந்து முடிஞ்ச பொறவு சொல்லு, போதும்."

"அய்யோ அத்த... தம்பி என்னைய மன்னிக்குமா?"

"மன்னிக்க மாட்டான். நீ தாங்குவ, அதான் உன்கிட்ட கேக்கறேன். காரணத்த மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்புடாத. என்னாலதான் புருசன் தாய்க்குக் கொள்ளி போடலன்னு அந்தப் பொண்ணு காலத்துக்கும் குமைஞ்சு போவா. இன்னொன்னும் இருக்கு... இந்தப் புள்ள தங்கி நல்லபடியாப் பொறந்தா, மொத முடி சிறுவாச்சூர் மதுரகாளிக்குன்னு நேர்ந்துருக்கேன். நீதான்டி முடிச்சு வெக்கணும்..."

ஒருத்தி தலையில் இத்தனையும் ஏற்றிவிட்டுப் போவது நியாயமா என்று கேட்கலாம். கேட்டு என்ன செய்ய? சாகப் போகிறவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு.

இத்தனை நாள் அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஜோதியின் அம்மாவைப் பார்த்தபோதுதான் நெஞ்சில் இடி விழுந்தது. "வர்ற ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குத் திருப்போரூர்ல மொட்ட" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டு அரும்பாவூர் பஸ் ஏறிவிட்டாள். பாக்யலட்சுமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. வேண்டுதலைப் பற்றிச் சொன்னால், மாமியார் எப்போது வேண்டினாள் என்ற கேள்வி வரும். மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். சொல்லாமல் இருந்தால், காளிக்கென்று நேர்ந்த முடி வேறு இடத்தில் விழும். தவமிருந்து பெற்ற பிள்ளைக்கு நாளைக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது? போனில் சொல்லலாம் என்றால் முத்தமிழ் அவள் நம்பரை எப்போதோ தடுத்துவைத்துவிட்டான். ஜோதிக்கும் பேசக் கூடாது என்று கட்டளை. வேறு வழியில்லாமல்தான் அழையாத வீட்டுக்கு வந்து நிற்கிறாள்.

ஜோதி காபி கொண்டுவந்து கொடுத்தாள். சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை, புதிதாக வந்தவளை முறைத்துப் பார்த்தது. காது மறையச் சுருட்டை முடி. முத்தமிழுக்குச் சின்ன வயசில் இருந்த அதே முடி. பாக்யலட்சுமி தொடக் கையை நீட்டி, பிறகு மடியில் வைத்துக்கொண்டாள்.

"தூக்குங்கக்கா... உங்க புள்ளதானே!"

"இருக்கட்டும் ஜோதி. தம்பி வரட்டும்."

ஆபீஸ் சட்டையோடு முத்தமிழ் வெளியே வந்தான். உட்காரவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"தம்பி... நல்லாருக்கியாப்பா?"

"எதுக்கு வந்தீங்கன்னு கேட்டேன்."

"ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு மொட்ட போட வேணாம் தம்பி. மொத முடி சிறுவாச்சூர்லதான் எடுக்கணும். அத்த நேர்ந்துருக்காங்க. ஒரு வெள்ளிக்கெழம வந்து எடுத்துட்டு உடனே திரும்பிடுங்க. நம்ம வூட்டுப் பக்கம்கூட நீ வர வேணாம். நானும் கண்ணுல பட மாட்டேன்..."

முத்தமிழ் சிரித்தான். கேட்கவே சகிக்கவில்லை அந்தச் சிரிப்பு.

"இன்னும் பொய்யை விடலையா அண்ணி? அம்மா செத்தப்ப இந்தப் பாப்பா வயித்துல இருக்குன்னு எனக்கே தெரியாது! ஒரு மாசம் கழிச்சுத்தான் ஜோதி எங்கிட்ட சொன்னா. எந்தப் புள்ளைக்கு அம்மா நேர்ந்துக்கிட்டாங்க? அன்னைக்கு ஐதராபாத்து... இன்னைக்கு மதுரகாளியா? செத்தவங்கள வெச்சு எத்தன பொய்தான் சொல்வீங்க!"

பாக்யலட்சுமி எதற்குப் பயந்தாளோ அது வந்துவிட்டது. "பொதுவா வேண்டிக்கிட்டாங்க தம்பி... புள்ள பொறக்கணும்னு..." என்று தடுமாறியபடி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சமையலறை வாசலில் ஜோதி ஆடாமல் அசையாமல் நின்றாள்.

"அத்தைக்குத் தெரியும்ங்க" என்றாள் மெதுவாக. "நான் சொன்னேன். அவங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். அவங்க சாவுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"என்ன சொல்ற?"

அவள் புருஷனைப் பார்க்கவே இல்லை. "அக்கா... அத்த உங்ககிட்ட சொன்னாங்களா? நான் மாசமா இருக்கேன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது ஜோதி. எனக்கு நேரமாச்சு, பஸ்ஸு போயிடும்..."

"தெரிஞ்சுதான் போன் பண்ணலையா? இவரு கொள்ளி எடுக்கக் கூடாதுன்னுதான்... அய்யோ! எனக்காகத்தான் மறைச்சீங்களா?"

"இல்லடி! அதெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு அன்னைக்குப் புத்தி கெட்டுப் போச்சு, அவ்ளோதான். விடு!"

ஜோதி குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நீட்டினாள்.

"அப்ப இவ தலையில கைய வெச்சுச் சொல்லுங்க. தெரியாதுன்னு சொல்லுங்கக்கா. நான் நம்பிடுறேன்."

குழந்தை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. ஊரே நம்பும்படி ஒரு பொய்யைக் கூசாமல் சொன்னவள்தான் பாக்யலட்சுமி. அந்த ஒரு பொய்க்காக அடிபட்டு, பேச்சுக் கேட்டு, புருஷன் முகம் பாராமல் கிடந்தவள். இன்னும் ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், எல்லாம் பழையபடி மூடிவிடும். அவள் கையைத் தூக்கினாள். சுருட்டை முடிக்கு மேலே கொண்டுபோனாள். அதற்குமேல் கை இறங்கவில்லை. பிள்ளை தலையில் கை வைத்துப் பொய் சொல்ல எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும்!

"என்னைய விட்டுடுங்கடி..." என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜோதி குழந்தையோடு அவள் மேல் சாய்ந்து கதறினாள். "என்னாலதானே! என்னாலதானே அவரு பெத்தவ மொகத்தக்கூடப் பாக்கல!"

"இதுக்குத்தான்டி சொல்லல! இதுக்குத்தான்டி சொல்லாத, சொல்லாதன்னு அந்த மகராசி சத்தியம் வாங்கிட்டுப் போனா! காப்பாத்த முடியாத பாவியாயிட்டேனே..."

முத்தமிழ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒவ்வொன்றாகத்தான் விளங்கியது.

"அம்மாவா சொன்னாங்க? என்னை வர வேணாம்னு அம்மாவா...?"

"உன்ன வேணாம்னு சொல்லலப்பா! உசுரு போற வரைக்கும் வாசலயேதான் பாத்துக்கிட்டு கெடந்தாங்க. எனக்கு எம்மவன் வேணும்தான், ஆனா அவனுக்கு ஒரு புள்ள வேணுமேன்னு சொன்னாங்க தம்பி..."

"அண்ணன் ஊர் முன்னாடி அடிச்சப்பகூட வாயத் தொறக்கலையே அண்ணி! நான் உங்கள மனுசியான்னு கேட்டேனே!"

"கேட்டா என்னப்பா? நீ கேக்காம வேற யாரு கேப்பா?"

அவன் அண்ணி முன்னால் தரையில் உட்கார்ந்தான். "வெள்ளிக்கெழம வரோம் அண்ணி... அண்ணன்கிட்ட நான் சொல்றேன்... அவரு கால்ல விழுந்து சொல்றேன்..." என்று ஏதோ ஆரம்பித்தவனுக்குப் பேச்சு நின்றுபோய், அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "அம்மா...!"

அது இந்தத் தெருவில் கேட்கிற சத்தமே இல்லை. அன்றைக்கு எறையூரில் அவமானத்திலும் ஆத்திரத்திலும் அழ மறந்துவிட்டு வந்தவன், மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். "என்னப் பெத்தவளே... போயிட்டியே... சொல்லாமப் போயிட்டியேம்மா..." ஜோதி பயந்துபோய் அவன் கையைப் பிடித்தாள். பிடிக்க முடியவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மாள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். வந்து குடியேறிய நாள் முதல் ஒரு வணக்கத்தோடு நிறுத்திக்கொண்ட எதிர்வீட்டுக்காரர், அரைக்கால் சட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"சார்... என்னாச்சு சார்? யாருக்கு என்ன?"

"எங்கம்மா செத்துட்டாங்க சார்..."

"அடக் கடவுளே! எப்ப சார்?"

ஜோதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாக்யலட்சுமி வேண்டாம் என்று கண்ணால் தடுத்துவிட்டு, கொழுந்தனின் தலையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"இப்பத்தான் சார்" என்று அழுதான் முத்தமிழ். "இப்பத்தான்..."