ஓரம் நசுங்காத கல்

ஓவேலித் துரையின் பங்களா வராந்தாவில் ஹபீப் ராவுத்தர் குடையை மடக்கினார். பிற்பகல்தான், ஆனால் மழை மூட்டத்தில் காப்பித் தோட்டமே தெரியவில்லை. நனைந்த உடம்பெல்லாம் சில்லிட்டிருந்தது. மடியில் இருந்த பொட்டலம் மட்டும் வயிற்றைச் சுட்டது.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மூக்கம்மா நிமிர்ந்தாள்.

"ஏனுங்க ராவுத்தரே, எங்க ஊட்டுக்காரரு உங்க கடைக்கு வந்தாருங்களா? நேத்துப் போனவரு."

"சங்கிலியா? எந்தச் சாராயக்கடையில கெடக்கானோ."

"அவரு குடிக்கமாட்டாருங்க."

அது அவருக்கும் தெரியும்.

அபூர்வக் கல் சேர்க்கும் துரைக்கு உருக்கிய தங்கம் வேண்டாம். வெள்ளைக் கல்லில் தானாகவே இலை இலையாய் விளைந்த தங்கம்தான் வேண்டும். ஓரம் நசுங்கியிருந்தால் தொடமாட்டார். கம்பெனி மூடிப்போட்ட சுரங்கத்துக்குள் சங்கிலியைத் திருட்டுத்தனமாக அனுப்பியது ஹபீப்தான். காலையில் தேடிப் போனபோது சுரங்கம் இடிந்து கிடந்தது. மண்ணுக்கு வெளியே ஒரு கை. கைக்குள் கல்.

பிடுங்கினால் தங்கம் நசுங்கும். விரல்களை ஒவ்வொன்றாக, பதமாகப் பிரித்தார்.

கை சூடாக இருந்தது.

கல்லை எடுத்ததும் அந்த விரல்கள் அவர் விரல்களைத் தேடிப் பற்றின. உதறிவிட்டு வந்துவிட்டார். ஆள் கூப்பிட்டால், உள்ளே அனுப்பியது யார் என்று கேட்பார்களே.

துரை பொட்டலத்தைப் பிரித்தார். பெரணி இலைபோலத் தங்கம் விரிந்திருந்தது.

"ரொம்ப ஜோர், ராவுத்தர். கல்லு ஏன் சூடு? அடுப்புமேலே வெச்சியா?"

"மடியில இருந்ததுங்க துரை."

கண்ணாடிப் பெட்டியில் பஞ்சின்மேல் கல்லை வைத்துவிட்டுத் துரை பணம் எடுக்க உள்ளே போனார்.

பஞ்சு மெல்ல அமுங்கியது.

கல்லைச் சுற்றி, விரல் விரலாக.

பள்ளங்களில் செம்மண் ஊறியது. விளக்கோடு வந்த மூக்கம்மா அதையே பார்த்தாள்.

"அது எந்தப் பக்கத்து மண்ணுங்க?" தணிந்த குரலில் கேட்டாள்.

இப்போதும் சொல்லலாம். அவன் உயிரோடு இருக்கலாம்.

"ஆத்து மண்ணு," என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தியில், கூடலூர்ப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து எல்லோரும் துஆவுக்குக் கையேந்தினார்கள். ஹபீபின் வலது கை விரியவில்லை. இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

பிரித்த விரல் திரும்ப மூடிக்கொண்டது.

"கைகால் கழுவி ஒளுச் செஞ்சீங்கல்ல?" பக்கத்தில் இருந்தவர் கிசுகிசுத்தார். "கையில செம்மண் வழியுதே."

ஹபீப் தலையைக் குனிந்துகொண்டார். மூடிய கைக்குள் வேறு விரல்கள் அவரைப் பற்றியிருந்தன.

அந்தச் சூடு ஆறவில்லை.