நாற்பதில் ஒருவர்

அமெரிக்காவின் டுலூத் நகரில் பனி கொட்டிய காலையில், பூட்ஸைக் கழற்றக்கூட மறந்து வுகெலிச்சின் அறைக்குள் வந்தார் செவிலி லொரெட்டா நியெமி. பல்கலைக்கழக ஆய்வுகளில் நடக்கும் முறைகேடுகளை விசாரிப்பவர் வுகெலிச்.

மனநிலையை உயர்த்துவதாகச் சொல்லப்படும் ஒரு வைட்டமின் பானத்தை ஆரோக்கியமான நாற்பது பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அசல்; மற்றவர்களுக்கு அதே நிறம், அதே சுவையில் சத்தில்லாத போலி. தான் குடிப்பது எதுவென்று யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்த நம்பிக்கையே உற்சாகம் தந்துவிடும். ஆனால் கடைசியில் கேட்டபோது முப்பத்தொன்பது பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். புட்டிகளை வழங்கிய லொரெட்டாதான் ரகசியப் பட்டியலைப் பார்த்து உளறினார் என்று ஆய்வுத் தலைவர் சண்ட்குவிஸ்ட் புகார் எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை அது செவிலியர் வாரியத்துக்குப் போனால் லொரெட்டாவின் உரிமமே போய்விடும்.

முப்பத்தொன்பது பேரையும் உடனே விசாரிக்கலாம் என்று துடித்தார் வுகெலிச்சின் உதவியாளர் டார்சி.

"வேண்டாம், டார்சி. தப்பாச் சொன்ன ஒருத்தரைக் கூப்பிடுங்க."

வந்தவர் ஹாலரன், ஏரிக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அவர் குடித்தது போலி; ஆனால் அசல் என்றே சாதித்தார். எப்படித் தெரியும் என்றதற்கு முகம் சிவந்து, அது குளியலறைச் சமாசாரம் என்றார். ஆய்வு முடியும்வரை நிறுத்தச் சொல்லியிருந்த வைட்டமின் மாத்திரையைத் தினமும் விழுங்கியதையும் ஒப்புக்கொண்டார். வுகெலிச் பிறகு பங்கேற்றவர்களின் தினக்குறிப்புகளைப் புரட்டினார். முதல் நாள் எல்லோரும் குருட்டாம்போக்கில் ஊகித்திருந்தார்கள். இரண்டாம் நாளிலிருந்துதான் சரியான விடை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடினார்கள். நிறம், சுவை, நுரை மூன்றையும் மூன்று மாதம் பாடுபட்டுப் பொருத்தியதாகச் சண்ட்குவிஸ்ட் சொன்னார்.

"குடிக்கிற வரைக்கும் பொருத்தினீங்க, டாக்டர். குடிச்ச பிறகு?" என்றார் வுகெலிச். "அசல்ல பி2 வைட்டமின் நிறைய இருக்கு. உடம்பு வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைச் சிறுநீர்ல தள்ளிடும். அந்த வைட்டமின் பளிச்சுனு மஞ்சள். போலி குடிச்சவங்களுக்கு நிறம் மாறல. ஹாலரனுக்கு மட்டும் மாத்திரையில இருந்த பி2வால மாறிச்சு, அதான் ஏமாந்தார். லொரெட்டா சொல்லியிருந்தா அவரும் சரியாச் சொல்லியிருப்பார். மத்தவங்களும் முதல் நாளே சொல்லியிருப்பாங்க."

சண்ட்குவிஸ்ட் புகாரை நான்காகக் கிழித்தார். லொரெட்டாவிடம் மன்னிப்புக் கேட்டார். போலியிலும் நிறத்துக்காகக் கொஞ்சம் பி2 கலந்து ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதை லொரெட்டாவே நடத்தித் தர முடியுமா என்றார்.

"நடத்தறேன்," என்றார் லொரெட்டா, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "ஆனா இந்தத் தடவை போலியை முதல்ல நீங்க ரெண்டு நாள் குடிங்க, டாக்டர். என்ன நிறம்னு எனக்கு எழுதிக் கொடுங்க."