இடக்கைத் தையல்

இருபத்து மூன்று வருடம் பூட்டிக் கிடந்த அலமாரியில் தேங்காய் எண்ணெய் வாசம் வரக்கூடாது. பூச்சி உருண்டை வாசம் வரலாம், எலிப் புழுக்கை வாசம் வரலாம், கொடைக்கானல் மழையில் ஊறிப்போன பலகையின் பூஞ்சை வாசம் தாராளமாக வரலாம். அதெல்லாம் வரத்தான் செய்தது. ஆனால் அவற்றுக்கு அடியில், வெந்தயம் போட்டுக் காய்ச்சி இன்று காலையில்தான் யாரோ தலைக்குத் தேய்த்த மாதிரி ஓர் எண்ணெய் வாசமும் இருந்தது. ஷம்ஷாத் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி மோந்து பார்த்தாள். இருந்தது.

அவள் பஜாரில் பழைய துணிக்கடை வைத்திருப்பவள். ஊரைவிட்டுப் போகும் வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான்களை ஏலம் விடும்போது, எந்தக் கோட்டு எந்த வருடத்துத் தையல், எந்த நகை எந்தக் காலத்தது என்று பார்த்துப் பட்டியல் எழுத அவளைத்தான் கூப்பிடுவார்கள். இந்த மேட்டுப் பங்களாவுக்கு மட்டும் கூப்பிடாமலே வந்து நின்றாள். காரணம் ஊருக்கே தெரியும். அவள் அம்மா ரபியா இங்கே தையல்காரியாக இருந்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடம், இந்த வீட்டுத் துரைசானி தன் மகள் கல்யாணத்தில் உடுத்தத் தைக்கச் சொன்ன கருநீலப் பட்டுக் கவுனையும், அதில் குத்துகிற வைரப் புரூச்சையும் ரபியா திருடிக்கொண்டு ஓடிவிட்டாள் என்றார்கள். அன்றிலிருந்து ஷம்ஷாத் கவுன் திருடி மகள். ஏழு வயதில் ஒட்டிய பேர், முப்பது வயதாகியும் விட்டபாடில்லை. அத்தா அதைக் கேட்டுக் கேட்டே செத்தார்.

அந்தக் கவுன் இப்போது அவள் கண் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. மார்பில் புரூச் குத்தியே இருந்தது.

"இது வேற கவுனும்மா," என்றார் வாசலில் நின்ற சுவாமிநாதன். பழனிக்காரர். போன மாதம் பங்களாவை வாங்கியவர், இந்த அலமாரிப் பூட்டை நேற்று உடைத்தவரும் அவர்தான். "கெழட்டுத் துரைசானிக்கும் மூத்தவ யாராச்சும் போட்டதா இருக்கும். இருபதாம் வருசம்னு எழுதிட்டு வெரசா எறங்கி வா. மூணு மணிக்கு ஏலம். பழைய திருட்டுக் கதையை இப்பக் கெளப்பினா எவன் இந்த வீட்டுப் பொருளத் தொடுவான்?"

"துணி என்ன சொல்லுதோ அதத்தாங்க எழுதுவேன்."

"துணி பேசுதாக்கும்."

"எங்கிட்டப் பேசும்ங்க."

அவர் முனகிக்கொண்டே கீழே இறங்கினார். ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி, பட்டப்பகல் இரண்டு மணிக்கு அறை சாம்பல் நிறமாகிவிட்டது. கூரைத் தகரத்தில் நீர் சொட்டும் சத்தம். கீழே நாற்காலிகளை இழுக்கும் சத்தம். ஏலத்துக்கு வந்தவர்களின் இருமல். இவை எல்லாவற்றுக்கும் நடுவே, அலமாரிப் பக்கமாக, பட்டுத்துணியில் நகம் உரசுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்து வந்து நின்றது.

எலி என்று நினைத்துக்கொண்டு கவுனை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினாள். வெளிப்பக்கம் பொய் சொல்லும், உள்பக்கம் சொல்லாது. இது அவள் தொழிலின் முதல் பாடம். இடுப்பருகே உலோக ஜிப் இருந்தது. இருபதாம் வருடத்தில் எவள் கவுனுக்கு ஜிப் வைத்தாள்? அப்போதெல்லாம் வெறும் கொக்கிதான். பட்டுத்துணியை மூலைவாட்டாக வெட்டித் தைத்திருந்ததும் முப்பதுகளின் மோஸ்தர். புரூச்சைக் கழற்றிப் பார்த்தாள். பழைய காலத்துப் புரூச் என்றால் ஊசி சும்மா ஒரு வளைவில் போய் உட்காரும். இதில் திருகிப் பூட்டும் குட்டிப் பூட்டு இருந்தது. இருபதாமே இருபது! சுவாமிநாதன் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போல அவளுக்குக் கோபம் வந்தது. இது அதே கவுன்தான். இந்த வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

பிறகு கீழ் மடிப்பைப் பார்த்தாள்.

எல்லாத் தையலும் மறுபக்கம் சாய்ந்திருந்தது. அம்மா இடக்கைக்காரி. அவள் தையல் அப்படித்தான் சாயும், ஆயிரம் துணிக்கு நடுவிலும் ஷம்ஷாத்துக்குத் தெரியும். மெல்லிய பட்டுக்கு நூல் தடித்துத் தெரிந்தால், தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி ஊசியில் கோத்துத் தைப்பாள். ஒவ்வொரு தையலும் முடிந்ததும் இரண்டு தரம் சுண்டி இழுப்பாள். தொட்டுப் பார்த்தாள். முடியேதான்.

ஒரு கவுனுக்கு மடிப்பில் ஒரு வரிசை போதும். இதில் வரிசைக்கு மேல் வரிசை ஏறிக்கொண்டே போனது. முதல் வரிசை கறுப்பு. ஏழெட்டு வரிசை வரை கறுப்பு. அப்புறம் செம்பட்டை கலந்தது. வெளுத்திருக்கிறது என்று முதலில் நினைத்தாள். வெயில் படாத அலமாரிக்குள் எது வெளுக்கும்? மேலே போகப் போக நரை. விரல் வைத்து எண்ணினாள். இருபத்து மூன்று. கடைசி வரிசை முழு வெள்ளை. பாதியில் நின்றிருந்தது.

நின்ற இடத்தில் ஊசி.

கொடைக்கானல் மூட்டத்தில் ஊசி ஒரு வாரம் தாங்காது, துரு ஏறிவிடும். இந்த ஊசி பளபளவென்று இருந்தது. எண்ணெய் பட்ட ஊசி. ஊசிக்காதில் நுழைந்த வெள்ளை முடி அந்தப் பக்கம் அறுந்து தொங்கவில்லை. நீண்டு போனது. அலமாரியின் பின்பலகை வரை. பலகை இடுக்குக்குள்.

கால் தானாகப் பின்னால் போனது. அவள் விடவில்லை, இழுத்து நிறுத்தினாள்.

"என்னம்மா இன்னுமா ஆகல?" சுவாமிநாதன் மேலே வந்திருந்தார்.

"இந்தப் பலகைக்குப் பின்னால என்னங்க இருக்கு?"

"ஒண்ணுமில்ல. துணி தைக்கிற ரூம் ஒண்ணு இருந்துச்சாம். ஈரம் ஊறுதுன்னு முப்பத்தெட்டுல அடைச்சுட்டாங்கன்னு எனக்கு வித்துட்டுப் போன துரை சொன்னாரு." சொல்லி முடிக்கும் முன் அவர் கண் அந்த முடியைப் பார்த்துவிட்டது. அது ஆடியது. காற்றில்லாத அறையில். முகம் வெளுத்துப்போய்க் கதவைப் பிடித்தார். "மூடும்மா. அலமாரிய மூடிட்டு வந்துரு. ஏலமே வேணாம்."

"மூடினது போதும்ங்க."

"சொன்னாக் கேளு தாயி."

"இருபத்து மூணு வருசம் கேட்டாச்சுங்க. கீழ இருக்கிற அத்தன பேரையும் மேல வரச் சொல்லுங்க. எங்கம்மாவத் திருடின்னு சொன்ன ஒவ்வொரு வாயும் வந்து பாக்கட்டும்."

அவர் கத்திக்கொண்டே படியில் ஓடினார். ஷம்ஷாத் பட்டியலை மடியில் வைத்தாள். எழுத்து கோணியது, ஆனாலும் எழுதினாள். கருநீலப் பட்டுக் கவுன், வைரப் புரூச்சுடன். 1938 முதல் 1961 வரை. தைத்தவர் ரபியா. வேலை முடியவில்லை.

கவுனின் மடிப்பைத் தூக்கிப் பலகை அருகே பிடித்தாள்.

"அம்மா. நான் ஷம்ஷாத் வந்திருக்கேன்."

உரசல் நின்றது.

எண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. முடி இறுகியது. பலகையில் ஓர் ஆணி மெல்ல வெளியே வந்து தரையில் விழுந்தது. இன்னொன்று. இடுக்கு அகன்றது. ஒரு விரல் வந்தது. அதன் நுனியில், தைக்கும்போது மாட்டும் பித்தளைத் தொப்பி, தேய்ந்து ஓட்டையாகி. ஓட்டையில் எலும்பு.

படியில் காலடிகள் ஏறி வந்தன. பத்துப் பேர், இருபது பேர்.

வரட்டும்.

இன்னும் நாலு விரல். இடது கை. கண் தெரியாதவர் தடவுகிற மாதிரி மடிப்பைத் தடவி, ஒவ்வொரு வரிசையாய் ஏறி, நின்ற இடத்தைக் கண்டுபிடித்தது. ஊசியை எடுத்தது. ஒரு தையல். சுண்டி இழுத்தது, இரண்டு தரம். இன்னொரு தையல். இரண்டு தரம். துணியைப் பிடித்திருந்த ஷம்ஷாத்தின் கட்டைவிரல் அடுத்த தையல் விழும் இடத்தில் இருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை.

வாசலில் ஆட்கள் வந்து நின்றபோது, ஊசி அவள் விரலுக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. வெள்ளை முடி சிவப்பாகி, அவளையும் கவுனையும் சேர்த்து, மறுபக்கம் சாய்ந்த ஒரு தையலாக இறுகியது. பிறகு அந்தக் கை இரண்டு தரம் சுண்டி இழுத்தது.