அண்ணனுக்கு லேசர், அம்மாவுக்குக் கத்தி

காப்பித் தம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, தெய்வாத்தாள் அப்படியே கீழே வைத்தாள்.

"யாரு போட்டது?"

"நாந்தானுங்க அத்தை."

"எடுத்துட்டுப் போ. புவனா வந்து வேற போட்டுத் தரட்டும்."

பொற்கொடி தம்ளரை எடுத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடமாக மாமியார் குடித்துவந்த காப்பி அது. நேற்றுக் காலை வரைக்கும் அதில் எந்த வாசமும் வந்ததில்லை. நேற்று கோயமுத்தூரில் இடது கண்ணில் புரை எடுத்து, கட்டுப் போட்டு, சொந்த ஊரான கோபிக்கு அழைத்து வந்தார்கள். கட்டோடு சந்தேகமும் காரேறி வந்துவிட்டது.

அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் மகள் புவனா. அம்மாவைப் பார்க்கப் போத்தனூரிலிருந்து நேற்று இரவே வந்தவள், முதலில் ஆஸ்பத்திரிக் காகிதத்தைத்தான் பார்த்தாள். அண்ணன் மனைவியை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

"மேனுவல்னு போட்டிருக்குதே, என்னுங்க நங்கையா?"

"மிஷின் இல்லாம கையால எடுக்கறதுங்க. அதான் நல்லதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"கையாலன்னா கத்தியில. அண்ணனுக்கு மட்டும் லேசர் நல்லதா இருந்துச்சுங்களா?"

பொற்கொடி வாயைத் திறந்தாள். கணவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். சந்தேகத்துக்கு அது போதாதா...

திருமூர்த்திக்கு அதே ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் முன்பு கண் ஆபரேஷன் நடந்தது. "லேசருங்க, கத்தியே படலை" என்று அவர் சொல்லாத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. ஒரு துக்க வீட்டில் பாடையைத் தூக்கும் நேரத்தில்கூடச் சொன்னார். கறுப்புக் கண்ணாடி போதும் என்று டாக்டர் சொன்ன பிறகும் ஆறு மாதம் போட்டுக்கொண்டு திரிந்தார். போட்டிருந்தால்தானே யாராவது கேட்பார்கள்?

அப்பேர்ப்பட்டவரைப் பெற்ற தாய்க்குக் கத்தி! சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் மருமகள். மகனுக்கு நேற்று ஈரோட்டில் ஒரு விழா மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க நங்கையா," என்றாள் புவனா. "எங்கம்மாவுக்குக் கண்ணு போயிட்டா சாவிக்கொத்து யாருகிட்டங்க வரும்?" மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

திருமூர்த்தி செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பேசினார். "எனக்கு ஒரு போன் போட்டிருந்தா லேசர்லயே முடிச்சிருக்கலாமல்ல?"

"மூணு தடவை போட்டேனுங்க. மேடையில இருந்தீங்க."

"கட்டுப் பிரிச்சதும் அம்மாவைப் போத்தனூருக்கே கூட்டிட்டுப் போறனுங்கண்ணா."

பை தயாராக இருந்தது. அத்தை அந்தப் பையோடு போய்விட்டால், மருமகளை நம்பி ஒரு கிழவியை விட முடியவில்லை என்று ஊர் பேசும். பொற்கொடிக்கு அது தெரியும். ஆனாலும் அத்தையின் பிரஷர் மாத்திரையை வேளை எழுதிப் பையில் வைத்தவள் அவள்தான்.

அன்று பகலில் எல்லாரும் கோயமுத்தூர் போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிஃபானா கட்டைப் பிரித்துச் சோதித்து, "நல்லா வந்திருக்குதுங்க" என்றார். திருமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"எனக்கு லேசர் வெச்சீங்க. எங்கம்மாவுக்கு மட்டும் ஏனுங்க கத்தி?"

"சார், நம்ம ஆஸ்பத்திரியில லேசரே கிடையாதுங்களே."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கும் கீறித்தான் எடுத்தோம். புரையை மிஷின் அதிர்வுல உடைச்சு உறிஞ்சுவோம். மிஷினுன்னாலே எல்லாரும் லேசர்னு சொல்லிக்கறாங்க. அம்மாவுக்குக் கல்லு மாதிரி முத்தியிருந்துச்சு. அதைப் போய் உடைச்சா கருவிழி கெட்டுப்போகும். கையால முழுசா எடுக்கறதுதான் சரி. உங்க வீட்டம்மா இன்னொரு டாக்டரையும் கேட்டுட்டுத்தான் கையெழுத்தே போட்டாங்க. உங்க ஆபரேஷனப்பவும் இவங்ககிட்ட எல்லாம் விளக்கினேனே, வீட்டுல சொல்லலைங்களா?"

வாசலில் காத்திருந்த நான்கு பேர் திருமூர்த்தியின் கண்ணை உற்றுப் பார்த்தார்கள். லேசர் இல்லாத கண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தது.

"தெரிஞ்சுமா ரெண்டு வருசம் கம்முனு இருந்தே?" என்றாள் தெய்வாத்தாள்.

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டாருங்க அத்தை... அப்புறம் நான் போயி எப்படிங்க..."

திருமூர்த்தி மனைவியின் பக்கம் திரும்பினார். "நேத்தாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமல்ல பொற்கொடி..."

"தங்கச்சி முன்னாலயாங்க?" என்றாள் அவள்.

புவனா பையைக் கையிலெடுத்தாள். "அம்மா, போலாமா?"

"நீ போ கண்ணு. நான் எம்பட ஊட்டுக்குப் போறேன்."

தெய்வாத்தாள் மருமகளின் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தாள். சிவந்திருந்த இடது கண் அவள் முகத்தில் மெல்ல ஊர்ந்து, உச்சி வகிட்டில் வந்து நின்றது.

"ஏங்கண்ணு... தலையெல்லாம் இத்தனை நரைச்சுப்போச்சு?"

"அது ஆச்சுங்க அத்தை, அஞ்சு வருசம்."

"அஞ்சு வருசமா..."

கிழவியின் விரல்கள் அந்த நரையைத் தடவின. கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை; அதற்குள் கிழவியின் கண் நிறைந்து வழிந்தது. பொற்கொடி முந்தானையை எடுக்கப் போய், அது கண்ணில் படக் கூடாதே என்று தயங்கினாள். பிறகு அவளும் அந்தத் தோளில் முகம் புதைத்து அழுதாள்.