கிடார் இங்கே... கிரண் எங்கே?

ட்ரிங்ங்... ட்ரிங்ங்...!

பெர்னார்ட் ஸ்டுடியோவின் டெலிபோன் அலறியது.

மௌரீன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே ரிசீவரை எடுத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் சொருகிக்கொண்டாள். திரையில் ஒரு மாப்பிள்ளை. அவர் மூக்கின் மேல் ஒரு பரு. அதை அழிக்கிற முக்கியமான வேலையில் இருந்தாள்.

"ஹலோ, பெர்னார்ட் ஸ்டுடியோ..."

"மௌரீன்! நான்தான்... கிரண்!"

"என்னடா, குரல் கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு?"

"கெணறு இல்ல... போலீஸ் ஸ்டேஷன்! என்னை உள்ள தூக்கிப் போட்டுட்டாங்க!"

மௌஸ் வழுக்கியது.

பரு தப்பித்தது. மாப்பிள்ளையின் மூக்கு போய்விட்டது!

"உள்ளயா? எதுக்கு?"

"கிளாரன்ஸ் வீட்டு ரிசப்ஷன்ல வைர நெக்லஸ் காணாம போச்சில்ல... அத எடுத்தது நானாம்! நான் கேக் வெட்டறப்ப ஸ்டேஜ்லதான் வாசிச்சிட்டிருந்தேன் மௌரீன்... சத்தியமா! ஆனா நீ போட்ட ஆல்பத்துல நான் எங்கயுமே இல்லியாம்!"

"நான் போட்ட ஆல்பமா...?"

கொடக்! யாரோ அந்தப் பக்கம் லைனைத் துண்டித்தார்கள்.

மௌரீன் ரிசீவரைப் பொத்தென்று வைத்தாள்.

அந்த ரிசப்ஷனைப் பற்றித்தான் பெங்களூர் லிங்கராஜபுரம் முழுக்கப் பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம், சர்ச் ஹாலில் கேக் வெட்டி, ஊட்டி முடித்த கையோடு, மணப்பெண் அறைக்குள் போன தோழி ஒருத்தி 'வீல்' என்று கத்தினாள். உள்ளே மணப்பெண்ணின் ஃபிலோமினா அத்தை தரையில் கிடந்தாள். வாய் பிளந்து... கை விரிந்து... அசைவே இல்லாமல்!

"செத்துட்டாங்க!" என்றார் ஒருவர். நாலைந்து பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஃபாதரைக் கூப்பிட ஒருவர் ஓடினார்.

அப்போது பிணம் குறட்டை விட்டது!

காபியில் தூக்க மாத்திரை. அத்தை காவல் காத்துக்கொண்டிருந்த வைர நெக்லஸ், நீல வெல்வெட் பெட்டியோடு மாயம்! எழுந்த பிறகு அத்தை சொன்னது ஒன்றுதான்... காபியைக் கொண்டுவந்து கொடுத்தது பேண்ட் குழுவில் கிடார் வாசிக்கிற பையன்.

ஜோகுபாளையத்துக் கிரண்!

அவன் மௌரீனின் கிரண் என்பது ஊருக்குத் தெரியாது. 'அடுத்த வருஷம் எங்கம்மாவோட உங்க வீட்டுக்கு வரேன்' என்று அவன் சொல்லியிருப்பதும் அவள் வீட்டுக்குத் தெரியாது.

ஸ்டுடியோக் கதவு தடாலென்று திறந்தது.

காக்கிச் சட்டையும் கற்றை மீசையுமாக இன்ஸ்பெக்டர் சென்னப்பா. பின்னால் ஒரு கான்ஸ்டபிள். அவருக்கும் பின்னால், மத்தியான வெயிலிலும் கோட்டைக் கழற்றாத கிளாரன்ஸ். மணப்பெண்ணின் அப்பா.

இன்ஸ்பெக்டர் ஆல்பத்தை மேஜை மேல் பொத்தென்று போட்டார்.

"இது மாடினது... செஞ்சது யாரம்மா?"

"நான்தான் சார். படம் எடுத்தது இவர்."

ஸ்டுடியோ முதலாளி பெர்னார்ட் டார்க் ரூமிலிருந்து எட்டிப் பார்த்து, மறுபடி உள்ளே போகலாமா என்று யோசித்தார்.

"ஒரே கேள்வி. இதுல இருக்கறது எல்லாம் நிஜமா எடுத்த போட்டோ தானே? போட்டோ சுள்ளு ஹேளாது... பொய் சொல்லாது தானே?"

"மாதா சத்தியமா நான் எடுத்ததுதான் சார்!" என்றார் பெர்னார்ட்.

"முடிஞ்சு போச்சு மேன்!" கிளாரன்ஸ் கையைத் தட்டினார். "நான்தான் அப்பவே சொன்னேனே! அத்தைக்குக் காபி குடுத்துத் தூங்க வெச்சிட்டு, எல்லாரும் கேக்கையே பாத்துட்டிருக்கறப்ப உள்ள பூந்துட்டான். அதான் ஒரு படத்துலயும் ஆளக் காணோம்!"

"காபிய நீங்கதான் குடுத்தனுப்பினீங்கன்னு அவன் சொல்றான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"திருடன் வேற எப்படி சார் சொல்வான்?"

"கூட வாசிச்சவங்களக் கேட்டீங்களா சார்?" என்றாள் மௌரீன்.

"கேட்டேன். அங்கதான் இருந்தான்றாங்க. சிநேகிதனுங்க வேற என்ன சொல்வாங்க?"

மௌரீன் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்தாள். புரட்டினாள். மணப்பெண்... மாப்பிள்ளை... கேக்... கத்தி... சிரிப்பு...

கிரண் இல்லை.

அடுத்த பக்கம். இல்லை. அதற்கடுத்தது. இல்லவே இல்லை!

மறுபடி கேக் படத்துக்கு வந்தாள். குனிந்தாள். மூக்கு படத்தில் முட்டியது.

"சார்!"

"ஏனு? என்ன?"

"இங்க பாருங்க. இடது ஓரத்துல... இது என்ன?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படத்தின் விளிம்பில் ஒரு மரத்துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நரம்பை முறுக்குகிற குமிழ்கள்.

"கிடார் தலை மாதிரி இருக்கு..."

"ஆமா சார்! கிடாரோட தலை இங்க இருக்கு... அதுவும் ஆள் ஒசரத்துல! கிடார் தானா காத்துல மிதக்குமா?"

"சுவத்துல சாச்சு வெச்சிட்டுப் போயிருப்பான்!" கிளாரன்ஸ் அவசரமாகச் சொன்னார்.

அவர் சொன்னது அவள் காதில் விழவில்லை. பளிச்சென்று ஒன்று புரிந்தது. நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"ஐயோ! சார்... இது முழுப் படமே இல்ல! நான் வெட்டிட்டேன்... இல்ல, நான் வெட்டல... என் ஆக்‌ஷன் வெட்டிடுச்சு!"

"யாரவன் ஆக்‌ஷன்? கூப்பிடு அவன!"

"ஆள் இல்ல சார்... கம்ப்யூட்டர்ல இருக்கு. ஒரு படத்துக்கு நான் செய்ற வேலைய அது கூடவே இருந்து மனப்பாடம் பண்ணிக்கும். மொதல்ல வெளிச்சம் ஏத்தறேன்... கன்னத்துல செவப்பு ஏத்தறேன்... மொகத்த மெத்துனு பண்றேன்... அப்பறம் ஆல்பம் சைஸுக்கு ரெண்டு ஓரத்தையும் வெட்டறேன். அவ்ளோதான்! அதுக்கப்பறம் ஒரு பட்டன் தட்டினா, எத்தன படம் இருந்தாலும் அதே வேலைய அதே வரிசைல அதுவே செஞ்சிடும். நான் டீ குடிக்கப் போயிடுவேன்."

இன்ஸ்பெக்டர் மீசையை நீவினார்.

"பரேடு மாதிரியா? லெஃப்ட் டர்ன்னு சொன்னா, எதிர்ல செவுரு இருந்தாலும் திரும்பி இடிச்சுக்கறது?"

கான்ஸ்டபிள் தரையைப் பார்த்தார்.

"கரெக்டா புடிச்சிட்டீங்க சார்! அதுக்குக் கண்ணே கிடையாது. ஓரத்த வெட்டுன்னா வெட்டும். அங்க தூண் நின்னாலும் சரி, மனுஷன் நின்னாலும் சரி!"

கிளாரன்ஸ் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"கட்டுக்கதை! அசல் படம் இருந்தாக் காட்டு பாக்கலாம்!"

"அங்கிள், அசல் எங்க?"

பெர்னார்ட் தலையைச் சொறிந்தார். "கம்ப்யூட்டர் பொட்டியில எடமில்லன்னு அழிச்சிட்டேன்மா..."

"அங்கிள்!!"

"ஆனா சீடில போட்டு வெச்சேன்!"

"சீடி எங்க?"

"அது வந்து... இந்தப் புறாத் தொல்ல தாங்கல..."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

நூலில் கட்டின சீடி ஒன்று வெயிலில் தகதகவென்று சுழன்று, புறாக்களை விரட்டிக்கொண்டிருந்தது!

மௌரீன் நாற்காலி மேல் தாவி ஏறி நூலை அறுத்தாள். துப்பட்டாவில் துடைத்தாள். கம்ப்யூட்டரின் வாயில் திணித்தாள்.

கர்ர்ர்...

நின்றது.

"போச்சா?" என்றார் பெர்னார்ட்.

கர்ர்ர்... கர்ர்ர்ர்ர்...!

வந்துவிட்டது! திரை நிறையச் சின்னச் சின்னப் படங்கள்.

"இப்ப பாருங்க சார். இதுதான் என் ஆக்‌ஷன். பேரு 'கல்யாணக் களை'." ஒரு முக்கோணத்தைத் தட்டினாள். செய்யவேண்டிய வேலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக் அடையாளம். "இதுல 'வெட்டு'ன்னு இருக்கறதுக்குப் பக்கத்துல இருக்கற டிக்க எடுத்துடறேன். அத மட்டும் தாண்டிட்டு மத்ததெல்லாம் செய்யும்."

"அஷ்டேனா? அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்!"

தட்டினாள்.

படங்கள் ஒவ்வொன்றாகத் தானே திறந்தன. வெளிச்சம் ஏறியது. கன்னம் சிவந்தது. மூடிக்கொண்டன. அடுத்தது... அடுத்தது...

திடீரென்று...

கீ... கீ... கீ... கீ...!

"ஏனாயித்து? என்னாச்சு?" இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார்.

கிளாரன்ஸின் ஷூ மேஜைக்கடியில் இருந்தது. சுவரிலிருந்து பிடுங்கப்பட்ட ப்ளக், ஷூவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"தெரியாம... கால் பட்டுடுச்சு..."

திரை அணையவில்லை. படங்கள் பாட்டுக்கு ஓடின.

"யூ.பி.எஸ். இல்லாம பெங்களூர்ல எவன் சார் கம்ப்யூட்டர் வைப்பான்?" என்றாள் மௌரீன். "அது கத்தும். ஆனா சாவாது!"

கேக் படம் திறந்தது.

வெட்டு விழாத முழுப் படம்! இடது ஓரத்தில் கிடாரின் தலை... அதன் கழுத்து... அதைப் பிடித்த கை... கண்ணை மூடி லயித்து வாசிக்கிற கிரண்!

"இருக்கான்! சார், இருக்கான்!" மௌரீன் பெர்னார்டின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். பெர்னார்டும் காரணம் முழுசாகப் புரியாமல் கூடவே குதித்தார்.

கிளாரன்ஸ் எழுந்தார். "சரி... நான்தான் சரியா கவனிக்கல. பையன விட்டுடுங்க. எனக்கு வேற வேல இருக்கு மேன்..."

"குத்கோளி. உக்காருங்க," என்றார் இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தபடியே.

அடுத்த படம் திறந்திருந்தது.

இந்தத் தடவை வலது ஓரம். மணப்பெண் அறையின் கதவு. அதிலிருந்து பூனை போல வெளியே வரும் ஒரு கோட். கோட்டுக்குள் நுழையும் கை. கையில் நீல வெல்வெட் பெட்டி!

முகம்...?

கிளாரன்ஸ்!

திருட்டு முழி முழித்த அந்த முகத்துக்கும் ஆக்‌ஷன் பாரபட்சம் பார்க்கவில்லை. வெளிச்சம் ஏற்றியது. கன்னத்தைச் சிவக்க வைத்தது. புது மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தார்!

"என் வீட்டு நெக்லஸ நான் எடுத்தாத் திருட்டா?" என்று கத்தினார் கிளாரன்ஸ்.

"அப்ப கம்ப்ளெயிண்ட் எதுக்கு? காபில மாத்திர எதுக்கு?"

கிளாரன்ஸ் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அது வைரமே இல்ல சார். கண்ணாடி! சம்பந்தியம்மா நகைக்கடைக்காரி... திங்கக்கிழம லென்ஸ் வெச்சுப் பாக்கறேன்னுட்டாங்க. மானம் போயிடும்னு... அதுக்கு முன்னாடியே காணாம அடிச்சிட்டேன்."

"உங்க மானத்துக்கு ஒரு பையனோட வாழ்க்கையா?"

கான்ஸ்டபிள் கிளாரன்ஸின் தோளில் கை வைத்தார்.

இன்ஸ்பெக்டர் மௌரீன் பக்கம் திரும்பினார். மீசைக்கடியில் முதன்முதலாக ஒரு சிரிப்பு.

"ஷபாஷ்! அந்தக் கிரண் உனக்கு வேண்டிய பையனா?"

மௌரீன் வெட்கத்தில் துப்பட்டா நுனியைத் திருகினாள்.

"கொத்தாயித்து... புரிஞ்சிடுச்சு! இப்பவே விடச் சொல்றேன்."

டெலிபோனை எடுத்து ஸ்டேஷன் நம்பரைத் தட்டினார்.

யாரும் நிறுத்தாததால் ஆக்‌ஷன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த படம் திறந்தது. மௌரீன் ஆசையாகத் திரும்பிப் பார்த்தாள்.

இடது ஓரத்தில் கிரண். கிடாரை முதுகில் மாட்டியிருந்தான். பக்கத்தில் ரோஸ் கவுன் போட்ட ஒரு பெண். மாப்பிள்ளையின் தங்கை. அவள் வாயில் கேக் ஊட்டிக்கொண்டிருந்தான்!

அடுத்த படம். அவள் உள்ளங்கையில் பேனாவால் போன் நம்பர் எழுதிக்கொண்டிருந்தான்!

அதற்கடுத்த படம்...

பெர்னார்ட் அவசரமாக மௌரீனின் கண்ணைப் பொத்தினார். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு முழுசாகப் பார்த்தாள்.

ஆக்‌ஷன் இரண்டு பேருக்கும் கன்னத்தில் சிவப்பு ஏற்றியது.

"ஹலோ, ஸ்டேஷனா?" இன்ஸ்பெக்டர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "என்னம்மா... கிரண விடச் சொல்லிடட்டுமா?"

மௌரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பளிச்சென்று சிரித்தாள்.

"சார்... அவன இன்னிக்கே விட்டாகணும்னு சட்டம் ஏதாவது இருக்கா?"